தொரைக்கல்

ஈரத் துணி கல்லில் விழும் சத்தம் எல்லாத் துணிக்கும் ஒன்றுபோல இருக்காது. வேட்டி விழுந்தால் 'சளார்' என்று அகலமாகக் கேட்கும். பேண்ட் விழுந்தால் 'தப்' என்று ஒரே அடியில் முடிந்துவிடும். பட்டுப் புடவைக்குச் சத்தமே வராது, ஏனென்றால் அதை யாரும் அடித்துத் துவைப்பதில்லை. காலையில் கண்ணைத் திறக்காமலே, அம்மா இன்றைக்கு எந்த வீட்டு மூட்டையை அவிழ்த்திருக்கிறாள் என்று பாயில் படுத்தபடி என்னால் சொல்லிவிட முடியும். கல்பாக்கத்துக் குவார்ட்டர்ஸ் மூட்டை என்றால் 'தப் தப்' என்று விடாமல் கேட்கும், அங்கே இருந்தவர்கள் எல்லாரும் தினம் ஒரு பேண்ட் மாற்றுகிறவர்கள். கூடவே கொல்லையில் உவர்மண்ணும் சவுக்காரமும் சேர்ந்து வேகிற வெள்ளாவி நாற்றம் வரும். அதை வாசனை என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது நாற்றம்தான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள், அவர்கள் சொன்னதில் பொய் இல்லை.

நாங்கள் சலவைத் தொழிலாளர் குடும்பம். ஊரில் எங்களை அழைத்த சொல் வேறு. அதை இங்கே எழுதி அதற்கு இன்னொரு முறை உயிர் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில், சவுக்குத் தோப்புக்கும் கால்வாய்க்கும் நடுவில் எங்கள் வீடு இருந்தது. அப்பா கன்னியப்பன் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு போய் வருவார், இஸ்திரி போடுவார். எதிரில் யார் வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கிவிடுகிற சுபாவம் அவருக்கு. அம்மா முனியம்மாள் அதற்கு நேர் எதிர். அவள் இறங்கி நான் பார்த்ததே இல்லை.

எங்கள் கொல்லையில் கிணற்றடியை ஒட்டி ஒரு கருங்கல் பலகை சாய்வாகப் பதிக்கப்பட்டிருந்தது. ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற நீளம், ஒரு முழத்துக்கு மேல் அகலம், ஓரம் முழுக்க இலையும் கொடியும் செதுக்கிய கல். நடுவில் வரிவரியாகப் புடைத்துக்கொண்டிருக்கும் எழுத்துகள். தமிழும் இல்லை, எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் இல்லை. அதற்கு எங்கள் வீட்டில் 'தொரைக்கல்' என்று பேர். எழுத்து இருக்கிற பக்கத்தை ஏன் மேலே வைத்தார்கள் என்றால், வழவழப்பான கல்லைவிடப் புடைப்பு இருக்கிற கல்லில்தான் காலர் அழுக்கு விடும். மேல் பாதி எழுத்து தேய்ந்து மொழுக்கென்று ஆனதும், என் தாத்தா காலத்தில் கல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பதித்தார்களாம். அம்மாவின் கைக்கு வந்தபோது மற்றப் பாதியும் பாதி தேய்ந்திருந்தது. வெள்ளைக்காரன் வெட்டிய எழுத்தால் எங்களுக்குக் கிடைத்த ஒரே நன்மை இதுதான் என்று அம்மா சொல்லுவாள்.

அந்தக் கல் எங்கள் வீட்டுக்கு வந்த கதையை அம்மா சொல்லும்போது கேட்க வேண்டும். அப்பாவின் தாத்தா, கால்வாய் பங்களாவில் வந்து தங்கும் ஒரு வெள்ளைக்கார துரைக்குத் துணி வெளுத்துக்கொண்டிருந்தாராம். ஒரு நாள் சட்டையின் கழுத்துப்பட்டையில் இஸ்திரிச் சூடு கொஞ்சம் பட்டுவிட்டது. துரை அவரைக் குனியச் சொல்லி, பூட்ஸ் காலால் முதுகில் உதைத்தான். அவர் எழுந்து, இடிந்து கிடந்த கோட்டைப் பக்கம் போய், புதருக்குள் கவிழ்ந்து கிடந்த இந்தக் கல்லை இரண்டு பங்காளிகளின் உதவியோடு மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து பதித்தாராம். "நீ என்ன ஒரு வாட்டிதான்டா ஒதச்ச, நா ஒன்ன தெனம் ஒதைக்கறேன்" என்று சொல்லி முதல் துணியை அடித்தாராம். இதற்குச் சாட்சி கிடையாது. அப்பாவிடம் கேட்டால், "எனக்கு இன்னா தெரியும், ஒங்கம்மாள கேளு" என்பார். அவருடைய தாத்தாவின் கதை அவரைவிட வேறு வீட்டிலிருந்து வந்த அம்மாவுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. உலகத்தின் மேல் கோபம் வந்தால் அம்மா ஒவ்வோர் அடிக்கும் "வாங்கிக்கோ தொர, வாங்கிக்கோ" என்று சொல்லிக்கொண்டே துவைப்பாள். எனக்கும் ஆசையாக இருக்கும். என் பாவாடையை நானே அடித்து இரண்டு வார்த்தை திட்டியிருக்கிறேன்.

அம்மாவுக்குக் கோபம் வரக் காரணங்கள் இருந்தன. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருஷம் ஆன பிறகும், நான் நடக்க ஆரம்பிக்கும் வரைக்கும், எங்கள் வீட்டார் சாயங்காலம் அன்னக்கூடையோடு தெருத்தெருவாகப் போய் ஒவ்வொரு வாசலிலும் குரல் கொடுத்து மிச்சச் சோறு வாங்கி வந்தார்கள். அதுதான் துவைத்ததற்குக் கூலி. பத்து வீட்டுக் குழம்பும் ஒரே கூடையில் கலந்திருக்கும். கல்யாணமாகி வந்த அம்மா கொஞ்ச காலம் போனாள். நான் பிறந்து நடக்க ஆரம்பித்தபோது ஒரு வீட்டுக்காரி எனக்கும் சேர்த்து ஒரு பிடி போட்டு, "இதுவும் நாளைக்கு வரப்போவுது இல்ல" என்று சிரித்தாளாம். அம்மா அந்தச் சோற்றை அவர்கள் வாசலிலேயே காக்கைக்குக் கொட்டிவிட்டு, கூடையைக் கால்வாயில் விட்டுவிட்டு வீடு திரும்பினாள். மறுநாளே அப்பாவை இழுத்துக்கொண்டு கல்பாக்கத்துக் குவார்ட்டர்ஸில் வீடு வீடாக ஏறி, உருப்படிக்கு இவ்வளவு என்று பேசி வேலை பிடித்தாள். எங்கள் வீட்டுக்குச் சுதந்திரம் அந்த நாளில்தான் வந்தது. அதற்கு யாரும் கொடி ஏற்றவில்லை.

நாடு சுதந்திரம் அடைந்ததற்கோ கொடி உண்டு, மிட்டாய் உண்டு. ஐம்பதாவது ஆண்டு வந்தபோது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். வரலாற்று சார் அந்த வருஷம் மட்டும் பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எங்கள் ஊர்க் கதையைச் சொன்னார். நம் கடற்கரைக்கு ஒல்லாந்தர்கள், அதாவது டச்சுக்காரர்கள், வந்தார்கள், கோட்டை கட்டினார்கள், இங்கே நெய்த மெல்லிய துணிகளைக் கப்பல் கப்பலாக ஏற்றிப் போனார்கள்; பிறகு ஆங்கிலேயர்கள் வந்து அவர்களை விரட்டினார்கள்; பிறகு நெசவாளர்களின் பிழைப்பே போனது என்றார். நான் கையைத் தூக்கி, "சார், தறியிலேர்ந்து எடுத்த துணி பழுப்பா இருக்குமே, அத வெளுத்துக் குட்தது யாரு?" என்று கேட்டேன். பின் பெஞ்சில் ஒருத்தன் எங்களுடைய அந்தச் சொல்லைச் சொன்னான். வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை; "நீ கேக்கறது சரிதான். வெளுத்துத்தான் கப்பல்ல ஏத்தியிருப்பாங்க. புஸ்தகத்துல அவங்களப் பத்தி இல்லம்மா" என்றார். இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டதே எனக்குப் பெரிதாக இருந்தது.

சுதந்திர தினத்துக்கு ஒரு கண்காட்சி, வெள்ளைக்காரன் காலத்துப் பொருள் யார் வீட்டில் இருந்தாலும் கொண்டு வாருங்கள் என்றார்கள். ராஜா தலை போட்ட நாணயம், ஒரு பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கு, குவார்ட்டர்ஸ் பையன் ஒருவனின் தாத்தா ஜெயிலுக்குப் போனதற்கான சான்றிதழ் என்று ஒவ்வொருவரும் பேர் கொடுத்தார்கள். எனக்கு வாய் துறுதுறுத்தது. எங்கள் வீட்டில் துரையே இருக்கிறான் என்றேன். கொண்டுவா என்று யாரோ கேலி செய்தார்கள். கல்லைத் தூக்கிப் போக முடியாது, ஆனால் துணிக்கு நீலம் போடத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு பிரச்சினையா? அம்மாவும் அப்பாவும் இல்லாத நேரம் பார்த்து, அந்த நீலத்தைக் கெட்டியாகக் கரைத்து, கந்தையில் தோய்த்து எழுத்துகளின் மேல் ஒற்றி, ஒரு வெள்ளைத் துணியை விரித்து உள்ளங்கையால் அழுத்தி எடுத்தேன். தேய்ந்த பாதி வெறும் நீலத் திட்டாகவும், தேயாத பாதி இலை, கொடி, எழுத்தோடும் பதிந்து வந்தது.

கண்காட்சியில் அதைச் சுவரில் கட்டித் தொங்கவிட்டபோதுதான் நான் செய்த இரண்டு தப்புகளும் வெளியே வந்தன. முதல் தப்பு, கல்லின் மேல் வைத்து ஒற்றியதால் எழுத்தெல்லாம் வலம் இடமாகத் திரும்பிப் போயிருந்தன. ஒருவராலும் படிக்க முடியவில்லை. சார்தான் துணியை அவிழ்த்து வெயிலுக்கு நேரே பிடித்து, பின்பக்கமாக நின்று பார்த்து, "இது டச்சு எழுத்து மாதிரி இருக்கே" என்று வியந்தார். இரண்டாவது தப்பு பெரிது. அந்தத் துணி குவார்ட்டர்ஸில் ஓர் இன்ஜினீயர் வீட்டுப் படுக்கை விரிப்பு. எங்கள் தொழிலில் யார் வீட்டுத் துணி என்று தெரிவதற்காகச் சேங்கொட்டையைக் குத்தி, அதன் பாலால் ஓரத்தில் ஒரு குறி போடுவோம். எத்தனை துவைத்தாலும் அந்தக் கறுப்பு போகாது. வீட்டுக்கு வீடு குறி வேறு. நூறு வீட்டுக் குறியும் அம்மாவுக்கு மனப்பாடம். கண்காட்சி பார்க்க வந்த இன்ஜினீயர் வீட்டு அம்மா, விரிப்பின் மூலையில் இரண்டு புள்ளியும் ஒரு குறுக்குக் கோடும் இருப்பதைப் பார்த்துவிட்டார். அத்தனை பேர் முன்னால், "இது எங்க பெட்ஷீட் ஆச்சே!" என்றார்.

அன்றைக்கு அம்மா என்னை அடித்த அடி தொரைக்கல்லுக்குக்கூட விழுந்திருக்காது. விரிப்பை இரண்டு வெள்ளாவி வைத்து நீலத்தை எடுத்து, இஸ்திரி போட்டு, தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஆனால் விரிப்பு வெளுத்தாலும் பேச்சு வெளுக்கவில்லை. டச்சுக் கல் ஒன்று துணி துவைக்கிறவர்கள் கொல்லையில் கிடக்கிறது என்ற செய்தி சார் மூலமாகவும் அந்த இன்ஜினீயர் மூலமாகவும் எங்கெங்கோ போயிற்று. சில வாரம் கழித்து, பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் ஜீப் ஒன்று எங்கள் வீட்டு வேலியோரம் வந்து நின்றது.

எந்த அலுவலகத்து ஜீப் என்று நான் சொல்லப்போவதில்லை. ஓர் அதிகாரி, கையில் ஃபைல்; அவரோடு இரண்டு ஆட்கள், வழிகாட்ட எங்கள் வரலாற்று சார். அதிகாரி கொல்லைக்கு வந்து கல்லைப் பார்த்தார். அப்போது அம்மா அதன் மேல் ஒரு பேண்ட்டைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, நிறுத்தும்மா, நிறுத்து!" என்று கத்தினார். அப்பா ஓடிவந்து இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். "இது சமாதிக் கல். அரசாங்கச் சொத்து. வீட்ல வச்சிருக்கறதே குத்தம். கேஸ் போட்டா என்ன ஆகும் தெரியுமா?" என்று அதிகாரி சொல்லி முடிப்பதற்குள், "எட்துகினு போங்க சாமி, நாங்க ஒண்ணும் தெரியாதவங்க" என்று அப்பா கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்கு இன்றும் வலிக்கிறது. அப்பாவின் மேல் அன்று வந்த கோபம் பிறகு தணிந்துவிட்டது. அவரை அப்படிக் கும்பிட வைத்தவர்கள் மேல் வந்தது தணியவில்லை.

அம்மா நிறுத்தவில்லை. "கையில துணி கீது. முடிச்சிட்டு வரேன், குந்துங்க" என்றாள். உட்கார அங்கே ஒன்றும் இல்லை. ஆவணி வெயிலில், வெள்ளாவிப் புகைக்குப் பக்கத்தில், அதிகாரி ஃபைலைத் தலைமேல் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா அந்தப் பேண்ட்டை முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். மூட்டையில் இருந்த அத்தனையையும் ஒன்றுவிடாமல் துவைத்து, அலசி, பிழிந்து, என்னிடம் கொடுத்துக் கொடியில் போடச் சொன்னாள். என் வாழ்க்கையில் ஓர் அரசாங்க ஜீப் எங்களுக்காகக் காத்திருந்தது அந்த ஒரு முறைதான். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இப்ப சொல்லு சார். இன்னா குத்தம்?"

"திருட்டுப் பொருள்மா இது."

"யாரு வூட்லேர்ந்து திருடனோம்? அரசாங்கம் நேத்துதான் வந்திச்சி. கல்லு மூணு தலமொறயா இங்க கீது. அப்பல்லாம் ஒருத்தனும் வந்து கேக்கல."

"சரித்திரம்மா இது. சரித்திரத்தக் காப்பாத்தணும் இல்லியா?"

"சொதந்தரம் வந்து அம்பது வருசம்னு பள்ளிக்கூடத்துல முட்டாயி குட்தாங்களே, வெள்ளக்காரன தொரத்தியாச்சி இல்ல? அப்பறம் அவங் கல்லுக்கு நீ இன்னாத்துக்கு சார் காவலு நிக்கற? அவன் கல்லு சரித்திரம்னா, அவன் துணிய வெளுத்த நாங்க யாரு?"

அதிகாரி சாரைப் பார்த்தார். சார் தரையைப் பார்த்தார். பிறகு, இது ஆங்கிலேயன் கல் இல்லை, ஒல்லாந்தர் கல் என்று சார் மெதுவாக எடுத்துச் சொல்ல முயன்றார். "துணியப் போட்டுட்டு அதிகாரம் பண்ணவன் எல்லாம் ஒரே தொரதான் சார்" என்று அம்மா அவர் வாயையும் அடைத்தாள். பிறகு, ஏதோ தோன்றினாற்போல, "அதுல இன்னாதான் எழுதிக் கீது? அந்தத் தொர பேரு இன்னா? இத்தினி வருசம் அடிச்சிகினு கீறேன், பேரு தெரியாம அடிக்கறேன்" என்று கேட்டாள்.

அதிகாரி ஃபைலைத் திறந்தார். என் நீலப் பிரதியிலிருந்து சார் கண்காட்சியன்றே பார்த்து எழுதிவைத்திருந்ததை யாரோ படித்துச் சொல்ல, அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். மேல் பாதி போய்விட்டது, கிடைத்ததைப் படிக்கிறேன் என்று ஆரம்பித்தார். அதில் துரை யாரும் இல்லை. கம்பெனி வியாபாரி ஒருவனின் மனைவி, வயது இருபத்திரண்டு, பிரசவத்தில் இறந்தாள், பிறந்த குழந்தையும் அவளோடு இந்தக் கல்லின் கீழ் உறங்குகிறது, அவள் புருஷன் துக்கத்தோடு இதை வைத்தான். பெயரில் முன்பாதி தேய்ந்துபோயிருந்தது. மிச்சம் இருந்த பாதியை அதிகாரி இரண்டு முறை முயன்றும் வாய்க்குள் கொண்டுவர முடியவில்லை.

அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவள் குனிந்து, கல்லின் மேல் இருந்த சவுக்கார நுரையை உள்ளங்கையால் வழித்துவிட்டாள். ஒரு வாளித் தண்ணீர் இறைத்து ஊற்றினாள். அப்புறம் அப்படியே கல்லுக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அக்கா பொன்னியம்மாளின் கதை எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். தலைப்பிரசவத்தில் பிள்ளை குறுக்கே நின்று, மாட்டு வண்டியில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டவள். கால்வாய்க் கரையில் புதைத்தார்கள். அடுத்த மழையில் கரை அறுத்துக்கொண்டு போனது, இடம்கூட மிச்சமில்லை.

"பொம்பளயா இவ" என்றாள் அம்மா. அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. "பொம்பளன்னு தெரிஞ்சா அடிச்சிருப்பனா? எவனோ ஒதச்சதுக்கு இவள போட்டு அடிச்சிகினு கீறேன்." அதிகாரி இதுதான் சமயம் என்று ஆட்களுக்குக் கடப்பாரையை எடுக்கச் சொல்லிக் கண் காட்டினார். அம்மா உட்கார்ந்த இடத்திலேயே கையை உயர்த்தினாள். "இரு சார். நீ கேஸ் போடுவேன்னு பயந்துகினு குடுக்கல. அது தெரிஞ்சிக்கோ. அவ பொம்பளயாச்சேன்னு குடுக்கறேன். ஆனா ஒண்ணு. இவளுக்கு ஒருத்தன் பேரு வெட்டி வெச்சான், அது பாதி தேஞ்சும் இன்னிக்கி நீ ஜீப்பு எட்துகினு தேடிகினு வர. எங்கக்காவும் அதே மாதிரிதான் செத்தா. அவளுக்கு எவன் வெட்டனான்? அவளத் தேடிகினு எந்த ஜீப்பு வரும்?"

பிறகு அம்மா எழுந்து, கல்லைத் தொடுவதற்கு முன்னால் சீட்டு எழுது என்றாள். நாங்கள் திருடவில்லை, நாங்களாகக் கொடுத்தோம் என்று எழுது. மூன்று தலைமுறை இதில் துவைத்தோம் என்று எழுது. இரண்டு காப்பி எழுது என்றாள். அதிகாரி முதலில் சிரித்தார், பிறகு ஜீப்பின் மேல் தாளை வைத்து எழுதினார். என்னை அழைத்து உரக்கப் படிக்கச் சொன்னாள். 'சலவைக்குப் பயன்பட்டு வந்த பழைய கல் ஒன்று, முனியம்மாள் என்பவரால் தாமாக முன்வந்து ஒப்படைக்கப்பட்டது' என்று இருந்தது. நான் படித்தேன். என் குரல் நடுங்கவில்லை. அதைப் பற்றி எனக்கு இன்றும் பெருமை உண்டு.

அதிகாரி மைப்பெட்டியைத் திறந்து அம்மாவின் கட்டைவிரலைக் கேட்டார். அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "நா இன்னா திருடியா, ரேக எடுக்க?" வேறு எப்படிக் கையெழுத்துப் போடுவாய் என்று அவர் கேட்டார். அம்மா உள்ளே போய்ச் சேங்கொட்டையும் ஊசியும் எடுத்து வந்தாள். தாளின் அடியில் ஊசியைக் கொண்டுபோனவள் திடீரென்று நின்றாள். எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. ஊரில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் குறி உண்டு. எங்கள் வீட்டுக்குக் கிடையாது. எங்கள் துணியை நாங்கள் யாரிடமும் போட்டதில்லை, அதனால் தேவைப்பட்டதில்லை. அம்மா ஒரு நீளக் கோடு இழுத்து, அதன் கீழே மூன்று புள்ளி வைத்தாள். "இது துணி ஒணத்தற கொடி. இது நா, அவரு, இந்தப் பொண்ணு. இதான் எங்க வூட்டுக் குறி" என்றாள். இரண்டு தாளிலும் போட்டாள். அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

கல் போன இடத்தில் அப்பா ஒரு சிமெண்ட் பலகை பதித்தார். அது அடுத்த ஆண்டே விரிசல் விட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் குவார்ட்டர்ஸ் வீடுகளில் வாஷிங் மெஷின் வந்தது, மூட்டைகள் மெலிந்தன, அப்பா இஸ்திரி வண்டியோடு நின்றுகொண்டார், சுனாமிக்குச் சில வருஷம் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார். இந்த மாதிரிக் கட்டுரைகளில் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவது வழக்கம். நான் விடப்போவதில்லை. வெள்ளாவி போனது நல்லது. அன்னக்கூடை போனது அதைவிட நல்லது. எங்கள் தொழில் எங்களோடு முடிந்ததில் எனக்கு ஒரு சொட்டு வருத்தம் இல்லை. அம்மா இப்போது செங்கல்பட்டில் என்னோடு இருக்கிறாள். ஒரு கைக்குட்டையைக்கூடக் கையால் துவைப்பதில்லை. மெஷினில் போட்டுவிட்டு, அது சுற்றுவதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் கல்லைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அது ஓர் அலுவலக வளாகத்தில், வேலி போட்டு, புல் வளர்த்து, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு பலகை. அதில் கம்பெனி உண்டு, வியாபாரி உண்டு, அவன் மனைவி உண்டு. கடைசி வரி இது: 'அடையாளம் தெரியாத நபர்களால் எழுத்துகள் சேதப்படுத்தப்பட்டுள்ளன.'

அன்றைக்கு அங்கே நின்று நான் அழவில்லை, திட்டினேன். காவலாளி வந்து என்னவென்று விசாரிக்கும் அளவுக்குத் திட்டினேன். வீட்டுக்கு வந்து மனு எழுதினேன். அடையாளம் தெரியாத நபர்கள் அல்ல, அடையாளத்தை நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம், நகல் இணைத்துள்ளேன், சேதப்படுத்தப்படவில்லை, துவைக்கப்பட்டது, பலகையைத் திருத்துங்கள் என்று எழுதினேன். மூன்று மனுவுக்கும் பதில் இல்லை. நான்காவதை எழுதி முடித்துப் போன வாரம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா, அவள் என்று எல்லார் பேரும் வந்ததும் தலையை ஆட்டினாள்.

"எங்கக்கா பேரு எங்க?"

"பெரிம்மாவுக்கும் இந்தக் கல்லுக்கும் சம்பந்தம் இல்லியேம்மா" என்றேன்.

"அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து செத்தாளே, அந்தத் தொரசாணிக்கு மட்டும் இந்த ஊரோட சம்பந்தமா? இங்கியே பொறந்து இங்கியே செத்தவளுக்கு இல்லியா? எழுதுடி."

எழுதினேன். பொன்னியம்மாள், பிரசவத்தில் இறந்தவள், பிள்ளையும் கூட, கால்வாய்க் கரை. அவள் வயது எவ்வளவு என்று கேட்டேன். அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, தெரியாது என்றாள். தெரியாது என்பதையும் எழுதச் சொன்னாள்.